நேரில் கண்டேன்

அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "சந்தா கார்டுல கீற மாதிரியே வந்துகீதா, ஒருதபா பாத்துக்கோ" என்று சொல்லியிருப்பார். அந்த வம்பு எனக்கு வேண்டாம். ராயபுரத்தில் எங்கள் மாதா கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஆடிட்டரக்கா என்று கேட்டாலே போதும். காய்கறி வண்டிக்காரர்கூட வீட்டைக் காட்டுவார். காட்டிவிட்டுத் தன் எடைக்கல்லைச் சாக்குக்கு அடியில் தள்ளி வைத்துக்கொள்வார்.

அவர் படித்த ஆடிட்டர் கிடையாது. ரயில்வே பார்சல் ஆபீஸில் முப்பத்துநான்கு வருஷம் கிளார்க். மூட்டையைக் கண்ணால் பார்க்காமல் ரசீதில் கையெழுத்துப் போடக்கூடாத வேலை. அந்தப் பழக்கத்தை ரிட்டயரான அன்று அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். கையோடு கொண்டுவந்துவிட்டார்.

எங்களுடையது ஒரு மரண உதவிச் சங்கம். முந்நூறு சொச்சம் குடும்பங்கள். ஹார்பரில் வேலை பார்ப்பவர்கள், ரயில்வேக்காரர்கள், கடலுக்குப் போகிறவர்கள். மாதம் அறுபது ரூபாய் சந்தா. மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் கோயில் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் ஒரு மேஜை போட்டு வசூல். உறுப்பினர் இறந்தால் அன்றைக்கே, சவப்பெட்டி வாங்கப் போவதற்கு முன்னால், பதினைந்தாயிரம் ரூபாய் வீட்டுக்காரர் கையில் இருக்கவேண்டும். மூன்று மாதம் சந்தா நின்றால் உறுப்பினர் உரிமை போய்விடும். இவ்வளவுதான் சங்கம்.

எனக்கு முன்னால் பொருளாளராக இருந்தவர் நல்ல மனுஷர். கணக்கு எல்லாம் அவர் மனதில் இருந்தது. அவர் இறந்தபோது சங்கம் முறைப்படி அவருக்கும் பதினைந்தாயிரம் கொடுத்தது. கொடுத்தபிறகு பாக்கி எவ்வளவு என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் பொதுக்குழுவில் என்னைப் பொருளாளராகவும் அக்காவைத் தணிக்கையாளராகவும் போட்டார்கள். நான் மாதவரத்தில் ஒரு லாரி ஆபீசில் பில் போடுகிறவன், கூட்டல் தெரியும் என்பது என் தகுதி. அக்காவுக்கு என்ன தகுதி என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ரிட்டயராகி சும்மா இருக்கிறார், கையெழுத்துப் போடுவார் என்று நினைத்திருப்பார்கள். ஐயோ பாவம்.

முதல் வருஷம் சொத்துப் பட்டியலை எடுத்தார். சாவு வீட்டுக்குக் கொடுக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகள் அறுபது என்று இருந்தது. கிடங்கில் எண்ணினார். ஐம்பத்தேழு.

"சரிக்கா, மூணு நாற்காலிதானே" என்றேன்.

"மூணுன்னு எப்படி தெரியும்? அறுபதுன்னு எழுதினவன் எண்ணினானான்னு மொதல்ல தெரியணும்."

ஒரு வாரம் தேடினார். ஒன்று டீக்கடையில் இருந்தது. ஒன்று சங்கத் தலைவர் வீட்டு மொட்டைமாடியில் கறிவேப்பிலைத் தொட்டிக்கு அடியில் இருந்தது. மூன்றாவது மணலி புதுநகரில் ஒரு உறுப்பினரின் மகள் வீட்டுக்குப் போயிருந்தது. பஸ் மாறி அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, பட்டியலில் பச்சை மையால் ஒரு டிக் போட்டு, பக்கத்தில் எழுதினார்: "நேரில் கண்டேன். ஒரு கால் ஒடிந்துள்ளது."

"அவ்ளோ தூரம் போனீங்களே, எடுத்துக்கினு வந்திருக்கலாமேக்கா" என்றேன்.

"நாற்காலி தூக்கறது ஆடிட்டர் வேல இல்ல. பாக்கறதுதான் வேல."

மூன்றையும் நான் போய்த் தூக்கிவந்ததும், அறுபது நாற்காலிக்கும் முதுகில் பெயின்ட்டால் நம்பர் போட்டார். நானும் அவரும் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து போட்டோம். ஒன்பதாம் நம்பர் கொஞ்சம் சாய்ந்துவிட்டது என்று என்னை அழித்துப் போடச் சொன்னார். எரிச்சலாக வந்தது. ஆனாலும் அழித்துப் போட்டேன்.

அதே வருஷம் அடுத்தது வந்தது. எண்ணூர்க்காரர் ஒருவர் இறந்ததாக முன்பிருந்த பொருளாளர் பணம் கொடுத்திருந்தார். அந்தப் பெயரில் சங்கத்தில் இரண்டு பேர். இறந்தவர் அந்த இன்னொருவர். கோயிலில் சாவு மணி அடித்தது, பெயரைச் சொன்னார்கள், நல்ல மனுஷர் அவசரமாகப் பணத்தை எடுத்துக்கொண்டு போய்த் தப்பான வீட்டில் கொடுத்துவிட்டார். அந்த வீட்டு மகன், எப்படியும் ஒருநாள் ஆகப்போவதுதானே என்று வாங்கி வைத்துக்கொண்டான். அக்கா எண்ணூருக்குப் போனார். பெரியவர் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். வவுச்சரில் பச்சை மையால் எழுதியிருந்தது: "நேரில் கண்டேன். உயிரோடு இருக்கிறார்."

அதிலிருந்து ஒரு விதி வந்தது. பணம் கொடுக்கப் போகிறவர் இறந்தவரைக் கண்ணால் பார்த்து, வவுச்சரில் தன் கையால் "நேரில் கண்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். இறந்தவரின் சந்தா கார்டையும் வாங்கி வவுச்சரோடு சேர்த்துக் குத்தவேண்டும். இந்த விதியால் நான் அந்த வட்டாரத்தில் எத்தனை முகங்களைப் பார்த்திருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் சாப்பாடு இறங்காது.

கமிட்டிக் கூட்டத்துக்கு இருபத்திரண்டு டீ என்று பில் இருந்தது. கமிட்டியில் ஒன்பது பேர். அடுத்த கூட்டத்துக்கு அக்கா வந்து மூலையில் உட்கார்ந்தார். எல்லோரும் ஒழுங்காக ஒரு டீயோடு நிறுத்திக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தேன். பயத்தில் கூடுதலாகக் குடித்தார்கள். கடைசியில் அவர் குறிப்பு: "இருபத்தாறு. முந்தைய பில் நியாயமானதே."

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டைக் கேட்டார், அதனால்தான் நின்றுபோனது என்று தெருவில் ஒரு கதை உண்டு. நானே ஒருநாள் தைரியமாகக் கேட்டுவிட்டேன்.

"சுத்த பொய்" என்றார். "நான் சீட்டு எங்க கேட்டேன்? ஆளக் கேட்டேன். கப்பல்ல கீறாரு, ரெண்டு வருஷம் ஆவும், போட்டோவ பாத்துக்கோன்னாங்க. போட்டோவ வெச்சிகினு இன்னா பண்றது?"

சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். எனக்குத்தான் ஒரு மாதிரியாக இருந்தது.

அவரைப் பிடிக்காதவர்கள் நிறைய பேர். அதில் முதல் ஆள் என் மனைவி. என் அம்மா இறந்தபோது என் வீட்டு வவுச்சரை நானே எழுதக்கூடாது என்று அக்கா வந்தார். மாலை போடவில்லை, கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேராகப் போய், முகத்தை மூடியிருந்த வலைத்துணியைத் தூக்கினார். பார்த்தார். துணியைப் பழையபடி போட்டார். வவுச்சரில் எழுதினார். "செத்துப்போனவங்களக்கூடவா செக் பண்ணுவாங்க" என்று என் மனைவி எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். அக்கா வாசலில் முப்பத்தொன்றாம் நம்பர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் அடக்கம் முடியும்வரை அந்த நாற்காலியிலேயே இருந்தார். எங்கள் சொந்தக்காரர்களே அத்தனை நேரம் இருக்கவில்லை. அதை என் மனைவி கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு நானும் எடுத்துக்கொள்ளவில்லை.

இனி என் விஷயம்.

மரியதாஸ் டோல்கேட் பக்கம் குடியிருந்தவர். லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டி முதலாளி கைவிட்டதும் வேலை போய்விட்டது. ஜனவரியோடு சந்தா நின்றது. மே மாதக் கடைசியில் ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். நான்கு மாதச் சந்தா பாக்கி. விதிப்படி அவர் உறுப்பினரே இல்லை.

அவர் மனைவி ஸ்டெல்லா கார்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து உடலை எடுக்கவே கையில் காசு இல்லை. "அண்ணே, இத்த நம்பிதாண்ணே கீறேன்" என்றார். கார்டைத் திறந்து பார்த்தேன். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே நான்கு கட்டமும் காலி. அவருக்கு அது தெரியவில்லை. மரியதாஸ் வீட்டில் சொல்லவில்லை போலிருக்கிறது. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உள்ளே போய், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து ஒவ்வொரு மாதத்தின் முதல் ஞாயிறு தேதியையும் நான்கு கட்டத்திலும் எழுதினேன். வசூல் நோட்டில் அந்தந்த மாதப் பக்கத்தின் அடியில் அவர் பெயரைச் சேர்த்தேன். பக்கத்துக்கு மொத்தம் போடுவதை வருஷக் கடைசிக்குத் தள்ளிவைப்பது என் சோம்பேறித்தனம், அன்றைக்கு அது கைகொடுத்தது. என் பர்ஸிலிருந்து இருநூற்று நாற்பது ரூபாயை எடுத்துச் சங்கப் பணப்பெட்டியில் போட்டேன். போய் மரியதாஸைப் பார்த்தேன், "நேரில் கண்டேன்" என்று எழுதினேன், பதினைந்தாயிரத்தைக் கொடுத்தேன். அந்த ஒரு வரி மட்டும் நிஜம். கணக்கு பைசா பிசகாமல் நின்றது.

எட்டு மாதம் தூக்கம் சரியில்லை. மாட்டிக்கொண்டால் என் பெயர் போகும், அது ஒருபக்கம். ஸ்டெல்லாவிடம் பணத்தைத் திருப்பிக் கேட்பார்களே, அவர் எதை விற்றுக் கொடுப்பார் என்பதுதான் பெரிய பயம்.

ஜனவரியில் தணிக்கை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜை. ஒரு பக்கம் வெந்நீர் பிளாஸ்க், ஒரு பக்கம் ஸ்டீல் ஸ்கேல், பச்சைப் பேனா. மரியதாஸ் வவுச்சர் வந்ததும் குத்தியிருந்த கார்டைப் பிரித்தார். ஸ்கேலை ஏப்ரல் கட்டத்துக்கு அடியில் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை.

"இன்னா தம்பி, ஏப்ரல் காசு மரியதாஸ் எங்க வெச்சி குட்த்தாரு?"

"வசூல் மேஜையிலதான்க்கா."

"முதல் ஞாயிறு?"

"ஆமாக்கா."

"அன்னிக்கி ஈஸ்டர். ஈஸ்டருக்கு நம்ம மேஜை போடறதில்ல. அடுத்த ஞாயிறுதான் போட்டோம். எல்லார் கார்டுலயும் அடுத்த ஞாயிறு தேதிதான் கீது, இவருக்கு மட்டும் ஈஸ்டர் தேதி. அந்த மேஜையில டீ கேன் இருந்திச்சி. நான் நின்னுகினு ரெண்டு டம்ளர் குட்ச்சேன். ரெண்டாவதுல சக்கர இல்ல."

காலண்டரில் ஞாயிறு எல்லாம் ஒரே சிவப்பு. என் புத்தியில் அது ஈஸ்டர் என்று உறைக்கவே இல்லை. வருஷம் தவறாமல் அந்த டீயைக் குடிக்கிறவன் நானும்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பிளாஸ்க்கைத் திறந்து ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றி என் பக்கம் நகர்த்தினார்.

"எப்பத்திலேந்து இத்த வயித்துல வெச்சிகினு கீற?"

"மே மாசத்துலேந்து."

"ம்."

"அக்கா, நான் ஒரு பைசா எடுக்கலக்கா. கையிலேந்து போட்டிருக்கேன்."

"நீ எடுத்தேன்னு நான் எங்க சொன்னேன்? எழுதினேன்னு சொல்றேன்."

"கணக்கு சரியாத்தானே கீது. விட்டுடுங்கக்கா. என்ன வுடுங்க, அந்தப் பொம்பளைய நெனச்சிப் பாருங்க."

"கணக்கு சரியா கீது" என்றார். "நடந்தது வேறயா கீது."

அவர் டிக் போடவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று வாசலில் நின்று முணுமுணுத்தேன். அவருக்குக் கேட்டிருக்கும். காது நன்றாகக் கேட்கும் அவருக்கு.

பொதுக்குழு பள்ளிக்கூட ஹாலில் கூடியது. அக்கா எழுந்து, ரயில் தாமதத்தை அறிவிக்கிற குரலில் படித்தார். மரியதாஸ் நான்கு மாதம் சந்தா கட்டவில்லை. பொருளாளர் தெரிந்தே கட்டியதாக எழுதினார். தெரிந்தே பணம் கொடுத்தார். தனக்கென்று எதுவும் எடுக்கவில்லை. கேட்டதும் ஒப்புக்கொண்டார். ஹாலில் கூச்சல். நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசி வரிசையில் ஸ்டெல்லா இருந்தார். அப்போதுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"காச அந்தம்மா கையிலேந்து திருப்பி வாங்கணும்" என்று ஒருவர் எழுந்தார். நான்கைந்து பேர் ஆமாம் என்றார்கள்.

"இன்னும் படிக்கல" என்றார் அக்கா. "ரெண்டாம் பக்கம் கீது."

ரெண்டாம் பக்கத்துக்காக அவர் டோல்கேட்டுக்குப் போயிருக்கிறார். "பணம் போன இடம் நேரில் கண்டேன். பெட்டி, ஆஸ்பத்திரி வண்டி, குழிவெட்டு, பூ, சாப்பாடு. எல்லாத்துக்கும் சீட்டு கீது. மிச்சம் நூத்திப் பத்து ரூபா. அது அப்படியே அரிசி டப்பாவுல கீது, அத்தையும் பாத்தேன். மரியதாஸ் பழைய கார்டு எல்லாம் பாத்தேன். அந்த நாலு மாசத்துக்கு முன்னாடி பத்தொம்போது வருஷம். ஒரு மாசம்கூட நிக்கல."

படித்துவிட்டு உட்கார்ந்தார். திருப்பி வாங்கவேண்டும் என்று நின்றுகொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவரும் உட்கார்ந்துவிட்டார். தலைவர், "ஆடிட்டர் இன்னா சொல்றீங்க, இன்னா பண்ணலாம்" என்று கேட்டார்.

"பாத்தத சொல்லிட்டேன். பண்றது உங்க வேல."

ஸ்டெல்லாவிடம் கேட்பதில்லை என்று முடிவானது. பதினைந்தாயிரத்தை நான் கட்டவேண்டும், மாதம் ஆயிரம். பொருளாளர் பதவியும் போனது. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். பசிதான் வந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு அன்று வீட்டில் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஸ்டெல்லாவுக்கு மட்டும் ஆறவில்லை. "வூட்டுக்கு வந்து அரிசி டப்பாவ தொறந்து பாத்துச்சிண்ணே அந்தம்மா. சபையில வேற சொல்லிச்சி" என்று என்னிடம் சொன்னார். அதில் தப்பு சொல்ல என்னால் முடியவில்லை. அந்தக் கோபத்தோடே சங்கத்தில் சேர்ந்தார். இன்றுவரை இரண்டு மாதச் சந்தாவை முன்கூட்டியே கட்டுகிறார்.

பதினைந்து மாதம், முதல் ஞாயிறுதோறும், புதுப் பொருளாளரிடம் நான் ஆயிரம் ரூபாயை எண்ணி வைப்பேன். அக்கா பக்கத்தில் நின்று பார்ப்பார். ஒருதடவை மழை கொட்டியது. ஆள் வராது, இன்றைக்கு வேண்டாம் என்று புதியவர் மேஜையை எடுக்கப் போனார். குடையோடு அக்கா வந்து நின்றார். நானும் நனைந்துகொண்டு வந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவரிடமிருந்து நான் வாங்கிய பாராட்டு அது ஒன்றுதான்.

இரண்டு வருஷம் கழித்து யாரோ என் பெயரைத் திரும்பவும் பொருளாளருக்குச் சொன்னார்கள். "பொய்க்கணக்கு எழுதினவன்யா அவன்" என்று உடனே ஒரு குரல் வந்தது. அக்கா எழுந்தார்.

"ஆமா, எழுதினான். பதினஞ்சு மாசம் கட்டினான். ரெண்டையும் பாத்தேன்."

உட்கார்ந்துவிட்டார். நான்கு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தேன்.

போன ஆகஸ்டில் ஒரு காலை லாரி ஆபீசில் இருந்தேன். அக்காவின் தங்கை மகள் போன் பண்ணினாள். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டாராம். பேங்கில் பணத்தை எடுத்துக்கொண்டு, வவுச்சர் புத்தகத்தோடு போனேன்.

வாசலில் எங்கள் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தங்கை மகள் கார்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். டிசம்பர் வரை கட்டியிருந்தது. நான்கு மாதச் சந்தா கூடுதல், அதைத் திருப்பவேண்டும். அவருடையதில் விட்டுவிட்டால் சும்மா இருப்பாரா? இருநூற்று நாற்பது ரூபாயையும் சேர்த்து எண்ணிக் கொடுத்தேன். அதே இருநூற்று நாற்பது என்று அப்போதுதான் உறைத்தது.

"அண்ணே, இங்கயே எழுதிடுங்கண்ணே. உள்ள கூட்டமா கீது" என்றாள் அவள், நல்ல மனதோடு.

எழுதிவிடலாம் என்றுதான் இருந்தது. கோயில் மணி அடித்துவிட்டது. பத்துப் பேர் சொல்லிவிட்டார்கள். உள்ளே போய் அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. மதில்மேல் புத்தகத்தை வைத்து "நேரில்" என்று எழுதினேன். அடுத்த வார்த்தைக்குக் கை போகவில்லை.

பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். கூட்டம் வழிவிட்டது. என் மனைவி எனக்கு முன்னாலேயே வந்து தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளே வலைத்துணியைத் தூக்கிப் பிடித்தாள். கண்ணாடி போடாத முகம். அதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. மூக்கில் கண்ணாடியின் தழும்பு இரண்டு பக்கமும் இருந்தது. ஜெபமாலை சுற்றிய வலது கையில், பெருவிரல் ஓரத்தில் பச்சை மை.

பார்த்தேன். அவசரப்படாமல், அவர் பார்க்கிற மாதிரி பார்த்தேன்.

வெளியே வந்து, என் வீட்டு வாசலில் அக்கா உட்கார்ந்திருந்த முப்பத்தொன்றாம் நம்பரைத் தேடினேன். அதில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். நாற்பத்துநாலு காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை வைத்து, "கண்டேன்" என்று எழுதினேன். சாயங்காலம் அடக்கம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை.